ஏழூரார் முழங்கால்

செவ்வாய்க் கிரகத்தில் மனிதன் இறங்கி நடந்த அதே வருஷத்தில், ஏழூரில் மனிதனால் வாசல்படி இறங்க முடியவில்லை.

ஏழூர் என்பது மேற்கு மலையடிவாரத்தில் ஒட்டி ஒட்டிக் கிடக்கும் ஏழு ஊர்கள். பெண் எடுப்பதும் கொடுப்பதும் அந்த ஏழுக்குள்தான். எட்டாவது ஊர் ஒன்று உலகத்தில் இருப்பதையே கல்யாண விஷயத்தில் ஏழூரார் ஒப்புக்கொண்டதில்லை. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சுற்றிச் சுற்றிக் கட்டியதில் சொத்து வெளியே போகவில்லை. கூடவே முழங்கால் நோயும் வெளியே போகவில்லை. நாற்பது வயது ஆனால் போதும், மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசும். காலை அகட்டி, இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடப்பார்கள். அதற்கு 'ஏழூர் நடை' என்று பெயர் வைத்து, அது சிங்கத்தின் நடை என்று சங்கத்து ஆண்டு மலரில் கட்டுரையும் எழுதிக்கொண்டார்கள்.

சங்கத் தலைவர் தவசிலிங்கம் அந்தச் சிங்கங்களில் மூத்த சிங்கம். கம்பில்லாமல் எழுந்திருக்க மாட்டார். அவருக்கு முழங்காலை விடப் பெரிய வலி ஒன்று உண்டு. மகள் இலக்கியா கோயம்புத்தூரில் வேலை பார்த்த இடத்தில் எட்டாவது ஊர்க்காரன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவளை ஏழூரிலிருந்து தள்ளி வைக்கும் தீர்மானத்தைத் தவசிலிங்கமே மைக்கைப் பிடித்து வாசித்தார். பெற்ற மகளையே தள்ளி வைத்த நியாயவான் என்று கூட்டம் கைதட்டியது. கைதட்டல் நின்ற பிறகு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அது அவர் மனைவி சீனியம்மாளுக்கு மட்டும் தெரியும்.

மிச்சமிருந்தது ஒரே ஆசை. மகன் பிரணவுக்குத் தங்கை மகள் ஹர்ஷிதாவைக் கட்டி வைத்து, போன மானத்தை வட்டியோடு மீட்க வேண்டும். அந்தக் கல்யாணத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சடங்கு செய்ய ஒரு முழங்கால் வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஜெசிந்தா வந்து சேர்ந்தாள். அடிவாரத்தில் புதிதாகத் திறந்த மூட்டு ஆஸ்பத்திரிக்கு அவள்தான் தலைமை. தவசிலிங்கத்தின் மூட்டுப் படத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஐயா, ஸ்டெம் செல்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? இன்னும் என்னவா ஆகணும்னு முடிவு பண்ணாத செல். அதை வளர்த்து மூட்டுக்குள்ள ஊசியா போட்டா, அங்கேயே தங்கிக் குருத்தெலும்பைக் கட்டிரும். ஆறு மாசத்துல நீங்க ஓடலாம்."

"யாரு செல்லும்மா?"

"அதுதான் விஷயம். உங்க செல் உதவாது. அதுல பிறவிக் கோளாறு இருக்கு. அப்பா வழியாவும் அம்மா வழியாவும் அதே கோளாறு வந்தா முழங்கால் போயிரும்."

"எங்களுக்கு அப்பா வழியும் அம்மா வழியும் ஒரே வழிதானேம்மா!" என்றார் தவசிலிங்கம், பெருமையாக.

"வியாதியே அதுதான் ஐயா." டாக்டர் படத்தைக் கீழே வைத்தாள். "எங்ககிட்ட செல் வங்கி இருக்கு. பிரசவத்துல தூக்கிப் போடுற தொப்புள்கொடியில இருந்து எடுத்து வளர்த்தது. அருமையான செல்."

"யாரு வீட்டுத் தொப்புள்கொடி?"

"தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லக்கூடாது."

"யாரு எவருன்னு தெரியாதவுக வீட்டுல நாங்க பச்சைத் தண்ணி குடிக்க மாட்டோம்."

"குடிக்கவா சொன்னேன்? ஊசிதானே போடப் போறேன்."

தவசிலிங்கத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கம்பை ஊன்றி விருட்டென்று எழுந்தார். எழுந்த வேகத்தில் வலி பிடுங்கி, அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே பேரம் பேசினார். ஏழூருக்குள்ளேயே நல்ல செல் உள்ள ஆள் ஒருவனைத் தேடிப் பிடிப்பது, அவன் செல்லை வளர்த்து எல்லாருக்கும் போடுவது என்று முடிவாயிற்று. டாக்டர் ஏழு ஊரிலும் முகாம் போட்டு எச்சில் எடுத்துச் சோதித்தாள். தேறியது ஒரே ஒரு ஆள். தவசிலிங்கத்தின் தங்கை புருஷன் சோலைராஜ். ஹர்ஷிதாவின் அப்பா. ஐம்பது வயதிலும் தென்னைமரம் ஏறுகிறவர்.

"எப்பிடிம்மா இவனுக்கு மட்டும்?" என்று தவசிலிங்கம் கேட்டார்.

டாக்டர் சோலைராஜையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தாள். "எப்பவோ ஒரு தலைமுறையில கொஞ்சம் வெளிக்காத்து வந்திருக்கும் ஐயா. விடுங்க, செத்துப் போனவங்களை எதுக்கு எழுப்பணும்?" என்றாள்.

செல் விஷயம் சங்கத்துக் கூட்டத்துக்கு வந்தபோது கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. பின்வரிசையில் இருந்த வீரபெருமாள் என்ற கிழவர் எழுந்தார்.

"தலைவரே, ஆம்பளைக சரி. எம் பொஞ்சாதியும் ஊசி போடணும்ங்கா. சோலைராஜு சதை அவ கால்ல போயி உக்காந்துக்கிரும். அடுத்த ஆம்பளை சதையை வச்சுக்கிட்டு அவ எனக்குச் சோறு போடுவாளா?"

அதுவரை யாரும் யோசிக்காத கோணம். யோசிக்க ஆரம்பித்ததும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேர்த்தது. சோலைராஜ் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தார். சிலர் அவருடைய வெட்கத்தையே சந்தேகமாகப் பார்த்தார்கள்.

நியாயம் சொல்வதில் தவசிலிங்கத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மைக்கை வாங்கினார்.

"இதுக்கு என்னத்துக்குப்பா கலங்குறீக? செல் கொடுக்கிறவன் கூடப்பிறந்தவன். சோலைராஜு செல் யாரு யாரு உடம்புல ஏறுதோ, அவுக அம்புட்டுப் பேரும் இனிமே ஒரு வயித்துப் பிள்ளைக. அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி. கூடப்பிறந்தவன் சதை நம்ம உடம்புல இருந்தா குத்தமா? மொட்டப்பாறை அம்மன் மேல சத்தியம்."

சொன்னதோடு நிற்கவில்லை. தட்டில் சூடம் ஏற்றச் சொல்லி, எல்லாரையும் வரிசையாக வந்து உள்ளங்கையால் அணைக்க வைத்தார். மொட்டப்பாறை அம்மன் பெயரில் சூடம் அணைத்துச் சொன்ன வாக்கை மீறினால் கால் விளங்காமல் போகும் என்பது ஏழூர் நம்பிக்கை. வீரபெருமாள் கண்கலங்கி, "நீரு மனுசன் இல்ல தலைவரே, தெய்வம்" என்றார். தலைவர் புருஷனாகக்கூட இல்லாமல் போவார் என்று அப்போது அவருக்கும் தெரியாது.

ஒரு மாதம் கழித்து டாக்டர் போன் செய்தாள். தவசிலிங்கம் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டிருந்தார். சீனியம்மாள் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் தன் படத்தோடு எவ்வளவு உயரத்துக்குத் தட்டி வைப்பது என்று அவர் இன்னொரு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஐயா, சோலைராஜ் செல் ஆய்வகத்துல வளர மாட்டேங்குது. அதனால வேற..."

"அம்மா, வளருது வளரலைங்கிறதெல்லாம் ஒங்க இலாகா. எங்களுக்கு முழங்கால் மடங்கணும். அம்புட்டுதான். விவரமெல்லாம் எதுக்கு?"

"முக்கியமான விவரம் ஐயா. நீங்க அவசியம்..."

"இந்தா, வீட்டுல சொல்லுங்க" என்று போனைச் சீனியம்மாளிடம் தள்ளிவிட்டு, தட்டியில் தன் பெயருக்கு முன்னால் 'மாமனிதர்' போடலாமா, 'மாமேதை' போடலாமா என்ற விவாதத்துக்குத் திரும்பினார். சீனியம்மாள் எண்ணெய்க் கையோடு நெடுநேரம் போனில் ஊம் கொட்டிக்கொண்டிருந்தாள்.

ஊசி போட்டார்கள். ஏழு ஊரும் போட்டுக்கொண்டது. ஆறு மாதத்தில் அதிசயம் நடந்தது. மூட்டுகளின் சத்தம் அடங்கியது. கம்புகள் அடுப்புக்குப் போயின. வீரபெருமாளின் மனைவி மொட்டப்பாறைப் படிகளை ஒரே மூச்சில் ஏறி இறங்கினாள். சிங்க நடை போய் மனித நடை வந்தது. தவசிலிங்கம் காலையில் வாய்க்கால் கரையோரம் நடப்பதைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள்.

கல்யாணப் பேச்சை எடுத்தார். நல்ல நாள் பார்த்து நிச்சயதாம்பூலம் வைத்தார்கள். ஏழூர் நிச்சயத்தில் ஒரு வழக்கம் உண்டு. தாம்பூலத் தட்டைத் தூக்குமுன் மாரிப் பூசாரி சபையைப் பார்த்து, "என்ன முறை?" என்று மூன்று தடவை கேட்பார். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து, பெண்ணின் அப்பா தனக்கு என்ன உறவு என்று சொல்ல வேண்டும். மாமன் மச்சினன் முறை என்றால் தட்டு மாறும். பங்காளி முறை என்றால், அண்ணன் தம்பி பிள்ளைகள் கட்டக்கூடாது என்று தட்டு கீழே போகும். இத்தனை தலைமுறையில் தட்டு கீழே போனதே கிடையாது.

"என்ன முறை?" என்றார் பூசாரி.

தவசிலிங்கம் கம்பில்லாமல், துள்ளி எழுந்தார். "சோலைராஜு எனக்கு..." என்று ஆரம்பித்தவர் நின்றார்.

"என்ன முறை?"

சோலைராஜ் தன் உள்ளங்கையைப் பார்த்தார். சூடம் அணைத்த கை.

"தலைவரே, மூணாவது தடவை கேக்கணும். என்ன முறை?"

சபையில் ஒரு ஈ பறந்தது. எல்லாரும் அந்த ஈயையே பார்த்தார்கள். கடைசியில் பூசாரியே சொன்னார்: "நீங்க சத்தியம் பண்ணினபடி பார்த்தா, ஒரு வயித்துப் பிள்ளைக. பொண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கச்சியால்ல ஆகுது?"

பிரணவும் ஹர்ஷிதாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்கம் தாங்காமல் தலைகுனிந்தார்கள் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். தட்டு கீழே போயிற்று.

விஷயம் அதோடு நிற்கவில்லை. ஊசி போடாத குடும்பம் ஏழூரில் இல்லை. ஏழு ஊருமே ஒரு வயிற்றுப் பிள்ளைகள். யாருக்கும் யாரையும் கட்ட முடியாது. ஐப்பசிக்குக் குறித்திருந்த கல்யாணம் அத்தனையும் நின்றது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

அன்று மதியம் தவசிலிங்கம் வீட்டுக்கு வந்தபோது, சீனியம்மாள் தன் தலையணையைப் பக்கத்து அறைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?"

"நானும்ல ஊசி போட்டிருக்கேன்" என்றாள் அவள் சாந்தமாக. "கைகழுவிட்டு வாங்கண்ணே, சாப்பிடலாம்."

"அடியேய்!"

"சத்தியம் பண்ணினது நானா, நீங்களா? எனக்குக் கால் விளங்கணும்ணே."

முப்பது வருஷம் 'ஏங்க' என்று கூப்பிட்ட வாய், அண்ணே அண்ணே என்று கூப்பிட்டுக் குழம்பு ஊற்றியது. குழம்பில் குறையில்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது. ஏழூர் முழுக்க அதே கூத்து. புருஷன் மேல் வருத்தம் இருந்த பெண்களெல்லாம் அம்மன் மேல் திடீர் பக்தியோடு தலையணையைத் தூக்கினார்கள். நல்ல முழங்காலை வைத்துக்கொண்டு ஆண்கள் சாயங்காலம் முழுக்க நடந்தார்கள். வீட்டுக்குப் போய் என்ன செய்வது?

தவசிலிங்கம் டாக்டரிடம் ஓடினார். உண்மையிலேயே ஓடினார்.

"அம்மா, செல் கொடுத்தா சொந்தம் ஆகாதுன்னு ஒரு வார்த்தை நீங்க மைக்ல சொல்லணும். விஞ்ஞானம் சொன்னா அம்மன் கோவிச்சுக்க மாட்டா."

"எந்தச் சொந்தம்?" என்றாள் டாக்டர். "உங்க யாரு உடம்புலயும் சோலைராஜ் செல் இல்லையே."

தவசிலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போன்ல சொன்னேனே ஐயா. அது வளரலை. வங்கிச் செல்லைத்தான் போட்டேன். விவரம் வேண்டாம், முழங்கால் மடங்கினாப் போதும்னு நீங்கதான் சொன்னீங்க."

"அப்போ... இது?" அவர் தன் முழங்காலைத் தொட்டார். தொட்ட கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"யாரோ பெத்த பிள்ளையோட தொப்புள்கொடி."

"எந்த ஊரு?"

"தெரியாது. ஏழூர் இல்லை. அது மட்டும் நிச்சயம்."

"எடுத்திரலாமா?"

"தாராளமா எடுக்கலாம். வெளியே போகும்போது கம்பு வாங்கிட்டுப் போங்க."

தவசிலிங்கம் நெடுநேரம் யோசித்தார். உண்மையைச் சொன்னால் சோலைராஜ் மறுபடி தங்கை புருஷன். பிரணவுக்கு ஹர்ஷிதா. தலையணை திரும்பி வரும். ஆனால் ஏழூரார் அத்தனை பேர் காலிலும் எட்டாவது ஊர் ஏறி உட்கார்ந்திருப்பது ஊருக்குத் தெரிந்துவிடும். பிறகு எந்த வாயால் இலக்கியாவைத் தள்ளி வைத்தோம் என்று சொல்வது? மறைத்தால் ஏழூர் சுத்தம். அந்தச் சுத்தமான ஏழூரில் ஒரு கல்யாணம்கூட நடக்காது.

"அம்மா, இது வேற யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார் கடைசியில்.

டாக்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "இதையே இன்னும் எத்தனை பேர்தான் சொல்வீங்களோ" என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள். தவசிலிங்கம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மொட்டப்பாறை அம்மன் பொங்கலன்று மகாசபை கூடியது. மேடையேறுமுன் சீனியம்மாள் அவருக்குத் துண்டை மடித்துத் தோளில் போட்டாள்.

"அண்ணே, டாக்டரம்மா அன்னைக்கே போன்ல எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டாக. மைக்ல உண்மையைச் சொன்னீங்கன்னா, இறங்கி வர்றப்ப நீங்க எம் புருஷன். உங்க இஷ்டம்."

தவசிலிங்கம் மேடையேறினார். மைக் முன்னால் நின்றார். எதிரே ஏழு ஊரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. எத்தனை வருஷமாகப் பார்க்காத காட்சி. எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். எல்லார் முகத்திலும் ஒரே பயம் இருந்ததுபோல் அவருக்குத் தோன்றியது. தன் பயம்தான் அப்படித் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டார். பிரணவைத் தேடினார். சோலைராஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் அவரைப் பார்த்து லேசாகத் தலையாட்டினான். எதற்கு ஆட்டினான் என்று புரியவில்லை. ஆசை ஆசையாக மனசுக்குள் நடத்திப் பார்த்த கல்யாணம்.

"நம்ம எல்லாரும் ஒரு வயித்துப் பிள்ளைக" என்றார். "அம்மன் சாட்சியா அது மாறாது. அதனால, நம்ம ரத்தம் கலப்பில்லாம இருக்கிறதுக்காக, இன்னையில இருந்து எல்லாரும் வெளியிலதான் பொண்ணு எடுக்கணும், வெளியிலதான் பொண்ணு கொடுக்கணும்னு தீர்மானம் கொண்டு வர்றேன்."

பிறகு, ஏழூர் சரித்திரத்தில் கேட்டிராத கைதட்டல். வீரபெருமாள் எழுந்து நின்று தட்டினார். கலப்பு நடந்ததை மறைக்கக் கலப்பையே சட்டமாக்கிய தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

வெளியில் கல்யாணம் செய்தவர்கள் மேல் இருந்த விலக்கும் அதோடு தானாக நீங்கியது. அதைச் செயலாளர் நினைவுபடுத்துவதற்குள் சீனியம்மாள் போனை எடுத்துவிட்டாள். இலக்கியா வெகுதூரத்தில் இல்லை. கோயில் வளைவுக்கு வெளியே, புருஷனோடும் ஒன்றரை வயதுக் குழந்தையோடும் காரில் உட்கார்ந்திருந்தாள். அம்மா காலையிலேயே வரச் சொல்லியிருந்தாள்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது அவள் உள்ளே வந்தாள். தவசிலிங்கத்துக்குக் கண் நிறைந்தது. மூன்று வருஷத்தில் மகள் மெலிந்திருந்தாள். குழந்தை அவருடைய மூக்கை வைத்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஓடுவதற்குக் கால் இருந்தும் அங்கேயே நின்றார்.

"வந்துட்டேன்" என்றாள் இலக்கியா. பிறகு கொஞ்சம் தயங்கினாள். "என்னன்னு கூப்பிடணும்னுதான் தெரியலை. அம்மாவுக்கு நீங்க அண்ணன்னா, எனக்கு மாமாவாம். அப்பான்னு கூப்பிடவா, மாமான்னு கூப்பிடவா?"

கேலியாகத்தான் ஆரம்பித்தாள். கேட்டு முடிக்கையில் கேலி போயிருந்தது.

தவசிலிங்கம் திரும்பிச் சுற்றுமுற்றும் பார்த்தார். சீனியம்மாள் அவர் காதருகே வந்து, அதிக சத்தமில்லாமல் சொன்னாள்: "யாருக்குப் பயப்படுதீக? டாக்டரம்மா ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லித்தான் ஊசி போட்டிருக்காக. வீரபெருமாள் மாமாவுக்குத் தெரியும். பூசாரிக்குத் தெரியும். சோலைராஜுக்கே தெரியும். அம்புட்டுப் பேரும் டாக்டரம்மாகிட்டச் சொன்னது ஒண்ணுதான். 'தலைவருக்கு மட்டும் தெரிய வேண்டாம்.'"

பந்தியில் பேச்சு நின்றிருந்தது. ஏழு ஊரும் காதைத் தீட்டிக்கொண்டு, தலையை இலையில் கவிழ்த்திருந்தது. வீரபெருமாள் காலியான இலையில் ஏதோ இருப்பதுபோல் பிசைந்துகொண்டிருந்தார். எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும் என்பதும் இனி எல்லாருக்கும் தெரியும். முதலில் யார் வாயைத் திறப்பது என்பதுதான் மிச்சம்.

தவசிலிங்கம் வாயைத் திறந்தார். மகள் முகத்தைப் பார்த்தார். பந்தியைப் பார்த்தார்.

"மாமான்னே கூப்பிடும்மா" என்றார்.

இலக்கியா குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள். அது தத்தித் தத்தி அவரிடம் வந்தது. தவசிலிங்கம் அதை வாங்கக் குனிந்து, அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தார். முழங்கால் ஒரு முனகல்கூட இல்லாமல் அழகாக மடங்கியது.

"எந்திரிங்கண்ணே" என்றாள் சீனியம்மாள். "இலை போட்டாச்சு."